டில்லி சாகாத மத்தியானம்

ரிமோட் மெர்சியின் கையில் இருந்தது. தங்கை நாக்பூரிலிருந்து வந்து ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் ரிமோட் எப்படி அவள் கைக்குப் போனதென்று வயலட்டுக்கு விளங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிக்குழம்பும் சோறும் சாப்பிட்டு, பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் கம்பிகளைப் பழுக்கக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். இந்த நேரத்தில் வயலட் சோபாவில் கால் நீட்டி அரைத் தூக்கம் போடுவது வழக்கம். ஆனால் இன்றைக்குச் சோபாவில் மெர்சி ஒருக்களித்துப் படுத்திருந்தாள், தலைமாட்டில் முறுக்கு டப்பா, சோபாக் கையில் ஈரத் துண்டு. அந்தத் துண்டை எடுத்துக் கொடியில் போடு என்று சொல்ல வயலட்டின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு இது போதும் என்பதுபோலக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மெர்சி டிவியில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அக்கா, இது ஒன் புஸ்தகம்லா?" என்றாள். திரையில் சாம்பல் நிறக் கடற்கரை, தொப்பி நாடா காற்றில் பறக்க ஒரு பெண். கீழே, தமிழில் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. வயலட் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். ஆமாம், அதுதான். காலேஜில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வுபெற்ற வருஷம்வரை பி.ஏ. இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்கு அவள் நடத்திய அதே நாவல். "போடட்டா?" என்றாள் மெர்சி. போட்டும்விட்டாள்.

தப்பு முதல் நொடியிலேயே ஆரம்பித்தது. நாவல் ஒரு கிராமத்துக் கோவிலில் ஆரம்பிக்கும். மணி அடிக்கும், போதகரின் மூத்த மகள் ப்ரூடன்ஸ் முன் வரிசையில் தம்பிமாரின் காலரைச் சரிசெய்வாள், அதற்கே ஆசிரியருக்கு மூன்று பக்கம் ஆகும், அந்த மூன்று பக்கத்தில் ப்ரூடன்ஸ் எப்பேர்ப்பட்டவள் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். இங்கே கோவிலையும் காணோம், தம்பிமாரையும் காணோம். எடுத்த எடுப்பில் இளையவள் டில்லி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடுகிறாள். அந்தப் பேரைச் சொன்னாலே வகுப்பில் சிரிப்பு வரும். 'இருபத்தோராம் அதிகாரத்தில் டில்லி வீட்டைவிட்டு ஓடிப்போகிறாள்' என்று வயலட் சொன்னால் கடைசி பெஞ்சில் யாராவது ஒருத்தி, 'மிஸ், எந்த ட்ரெயின்ல?' என்பாள். வருஷா வருஷம் யாராவது ஒருத்தி. வயலட்டும் வருஷா வருஷம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வாள். முதல்முறை அந்தக் கேள்வி வந்தபோது மட்டும் சிரிப்பு வரவில்லை. அப்போது மெர்சி வீட்டுக்குத் தெரியாமல் நாக்பூர் ரயில் ஏறி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை, ஊரெல்லாம் அதே பேச்சு, அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்குமோ, தெரிந்துதான் கேட்டாளோ என்று வயலட்டுக்குச் சாக்பீஸ் கையில் பொடிந்தது. இல்லை, அவள் சும்மா கேட்டவள், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் இருந்தவள், அவளுக்கு எப்படித் தெரியும். திரையில் டில்லி மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்து, கதவுக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து, "அக்கா!" என்றாள். வயலட்டுக்கு ஏதோ சுருக்கென்றது. என்ன சொன்னாள் இவள்? நாவல் முழுக்க டில்லி 'ப்ரூடன்ஸ்' என்றுதான் கூப்பிடுவாள், அந்த ஊரில் அப்படித்தான் வழக்கம், எத்தனை முறை படித்தாலும் அது ப்ரூடன்ஸ்தான். அத்தனை வருஷம் பாடம் நடத்தியும் டில்லி ஒரு தடவைகூட அக்கா என்று கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. சென்னையில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில், சம்பளத்துக்கு வசனம் எழுதிய யாரோ, ஒரு நொடியில் போட்டுவிட்ட சொல்.

"இந்த அக்கா அப்படியே ஒன்ன மாதிரியே இருக்காக்கா," என்றாள் மெர்சி. முறுக்கு நொறுங்கியது.

வயலட், ப்ரூடன்ஸாக நடித்த பெண்ணைப் பார்த்தாள். நல்ல நடிகைதான், உயரம், நீளக் கழுத்து. ஆனால் எந்நேரமும் வாயை இறுக மூடிக்கொண்டு மாடிப்படியில் நின்றாள். நாவலில் ஆசிரியர் ப்ரூடன்ஸின் பக்கத்திலேயே நிற்பார். அவள் பேசாமல் இருந்தால், 'வாசகரே, இந்த மௌனத்துக்குப் பின்னால் எத்தனை கண்ணீர் என்பதை நீர் அறிவீரா' என்று கேட்பார். அவள் ஒரு மெழுகுவர்த்தியை அணைத்தால்கூட அது யாருக்காக அணைத்தாள் என்று சொல்வார். படத்தில் அந்த மனுஷனைக் காணோம். எடுத்து வெளியே போட்டுவிட்டார்கள். அவர் போனதும் ப்ரூடன்ஸின் பொறுமையும் எங்கேயோ போய்விட்டது, மிச்சம் இருந்தது ஒரு இறுகிய வாய், ஒரு சாவிக்கொத்து, அடுத்தவர் சிரிக்கும்போது சிரிக்காத இரண்டு கண். யார் பார்த்தாலும் டில்லி பக்கம்தான் சாய்வார்கள். இது அநியாயம் என்று வயலட் நினைத்தாள். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லையென்றால் ஒரு பொம்பளை இப்படித்தான் தெரிவாளா? நானும் மாடிப்படியில் இப்படி நின்றிருக்கிறேனா? அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷங்களில், காலையில் உடம்பு துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு, சேலை கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போய், சாயங்காலம் வந்து மறுபடியும் துடைத்துவிட்டு… அப்போதெல்லாம் அவளுக்குள் யாரோ கூடவே வாசித்துக்கொண்டு வந்தார்கள்: வயலட் சலித்துக்கொள்ளவில்லை, வயலட் முகம் சுளிக்கவில்லை. யார் அது? அவள்தானே. வெளியிலிருந்து பார்த்த அம்மாவுக்கு என்ன தெரிந்திருக்கும்? வாயை இறுக்கிக்கொண்டு சாக்குத்துணி பிழிகிற மாதிரித் துண்டைப் பிழிகிற ஒரு மகள். ஐயோ. அது வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். இன்னொன்றையும் அவள் கவனித்தாள். ப்ரூடன்ஸை விரும்பி, அவள் கடமைக்காக மறுத்தபிறகும் கடைசிவரை காத்திருக்கும் அந்த இளம் உதவிப்போதகர், சிவந்த தலைமயிர்க்காரர், பெண்கள் எல்லாரும் நோட்டில் பேரெழுதி வைத்துக்கொள்வார்களே, அவரையும் படத்தில் காணோம். அடியோடு வெட்டிவிட்டார்கள். வயலட்டுக்கு முதலில் ஆத்திரம் வந்தது, பிறகு தன்னையறியாமல் ஒரு சின்னச் சிரிப்பு. அவள் வாழ்க்கையிலும் அப்படியொருத்தர் வரவே இல்லை. வருவார் என்று கொஞ்ச காலம் வாசல் பக்கம் காது வைத்திருந்தது என்னவோ உண்மை. அந்த ஒரு விஷயத்தில் நாவல்தான் பொய் சொல்லியிருக்கிறது.

காலையில் கோவிலிலிருந்து ஆட்டோவில் வரும்போதுதான் மெர்சி அதைக் கேட்டாள். முன்னால் ஒரு லாரி புகை விட்டுக்கொண்டு போனது, மெர்சி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டாள்: "அக்கா, நான் இனிமே இங்கயே இருந்துக்கிடட்டா?" வயலட், "என்னது?" என்றாள், கேட்டும் கேட்காததுபோல. "இங்கயேன்னு கேட்டேன்." "மத்தியானம் பேசுவோம்." மத்தியானம் வந்துவிட்டது, இதோ போய்க்கொண்டும் இருக்கிறது. என்ன சொல்வது? மெர்சியின் புருஷன் நம்பிராஜன் போன வருஷம் இறந்துபோனார்; ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்த அந்த மெலிந்த ஆள், மெர்சியைக் கூட்டிக்கொண்டு போய் நாக்பூரில் மின்விசிறிக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே இருந்து, அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். வயலட் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மெர்சியின் மகள் கல்யாணமாகி இந்தூரில், மாமியார் வீட்டோடு. அங்கே போய் எத்தனை நாள் இருக்க முடியும் என்றாள் மெர்சி. நியாயம்தான். வேண்டாம் என்று யார் சொன்னது, ஆனால் இந்த வீடு தன் காலடிக்குப் பழகிப்போன வீடு, எந்தக் கதவு எப்போது முனகும் என்று தெரியும், குளியலறையில் ஒரே ஒரு பல்விளக்கும் பிரஷ். குளியலறை என்றதும் அந்த நினைப்பு வந்துவிட்டது, எப்போதும்போல எங்கிருந்தோ வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. போன மழைக்காலம் அங்கே விழுந்து கிடந்தாள். எலும்பு ஒன்றும் முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை, தரையில் கன்னம் பட்டுக்கொண்டிருந்தது, சமையலறையில் குக்கர் விசிலடித்தது, மறுபடி அடித்தது, யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை. பருப்புக் கருகும் வாசனை வந்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மெர்சியிடமும் சொல்லவில்லை. சொன்னால், அதனால்தான் இருக்கச் சொல்கிறாள் என்று ஆகிவிடும். அப்புறம் என் மன்னிப்புக்கு என்ன மரியாதை?

திரையில் ஒரு துறைமுக ஊர். வயலட் நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஏனென்றால் இது நாவலில் இல்லை. டில்லி ஓடிப்போனபிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்று நாவல் சொல்வதே இல்லை. 'அந்த ஆண்டுகளைப்பற்றி இந்த வரலாறு பேசாதிருப்பதே நலம்' என்று ஒரே ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அடுத்த அதிகாரத்தில் ப்ரூடன்ஸின் தலையில் முதல் நரை. அந்த வாக்கியத்துக்கு அடியில் கோடு போடச் சொல்வாள் வயலட், அந்தக் காலத்து எழுத்தின் அடக்கம் என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வாள், பரீட்சையில் வரும். இந்தப் படக்காரர்கள் அந்த ஒரு வாக்கியத்தை உடைத்து உள்ளே போய்விட்டார்கள். உள்ளே ஒரு ஒற்றை அறை இருந்தது. ஒரு இரும்புக் கட்டில், அடுப்பில் அடிப்பிடித்த கஞ்சி, அதைப் பார்த்து டில்லியும் அவளைக் கூட்டிக்கொண்டு போன கப்பல்காரனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பாவம் செய்தவர்கள் மாதிரியே இல்லை. பிறகு டில்லி வாளியில் அவன் சட்டையை முக்கிக் கழுத்துப்பட்டையைத் தேய்க்கிறாள், வெளியே கடற்காக்கைகள் கத்துகின்றன, வேறொன்றும் நடக்கவில்லை, அவள் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். முறுக்கு மெல்லும் சத்தம் நின்றிருந்தது. வயலட் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தங்கையைப் பார்த்தாள். மெர்சி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"காலரை அப்படிப் போட்டுத் தேய்க்கக்கூடாது," என்றாள் மெர்சி, திரையைப் பார்த்தபடியே. "நைஞ்சி போயிரும். சோப்பை வச்சி சும்மா ஊறப் போடணும். அவுகளுக்குக் கழுத்துல ரொம்ப வேர்க்கும்."

"ம்," என்றாள் வயலட்.

"நீ இந்தக் கதையை எனக்குச் சொல்லியிருக்கே, ஞாபகம் இருக்கா? மொட்டமாடியில. நான் ப்ளஸ் டூ படிக்கும்போது. டில்லி கடைசில பனியில கெடந்து செத்துப் போவாள்னு சொன்னே."

"சொன்னேன்."

"நான் ரயில் ஏறுன அன்னைக்கு அதுதான் நெனப்பு. மதுரை தாண்டுற வரைக்கும் அழுதுக்கிட்டே போறேன். அவுக, ஏன் அழுகே, ஏன் அழுகேங்காக. நான் பனியில செத்துருவேன்னு சொன்னேன். அவுகளுக்கு ஒண்ணும் வெளங்கல." மெர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சித்திரை மாசம்க்கா. ரயில் பெட்டி கொதிக்கி. நாக்பூர்ல பனியே பெய்யாதுட்டின்னு அவுக சத்தியம் பண்ணுன பொறவுதான் தூங்குனேன்."

வயலட்டும் சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் சிரிப்பு அடங்கியபோது உள்ளே ஏதோ இடறியது. மொட்டை மாடி, தலைக்கு மேலே வேப்பமரக் கிளை, அந்தக் கதையை எவ்வளவு அழகாகச் சொன்னோம் என்றுதான் அவளுக்கு ஞாபகம். பனி விழுவதை, வெள்ளை வாசற்படியை, தங்கையின் நீலம் பாரித்த கையை. கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அது என்னவாக இருந்ததென்று அவள் யோசித்ததே இல்லை. கதை சொன்னவளுக்கு டில்லி ஒரு பாத்திரம். கேட்டவள் டில்லியாகவே ரயில் ஏறிப் போயிருக்கிறாள். பெட்டி கொதிக்க, பக்கத்தில் ஒரு மெலிந்த மனுஷன், ரேடியோக்காரர், பனியைப்பற்றிச் சத்தியம் செய்கிறார். அவர் குரல் எப்படி இருக்கும்? வயலட்டுக்குத் தெரியாது. அவருக்குக் கழுத்தில் வேர்க்கும் என்பதே இப்போதுதான் தெரியும். ஒருவேளை நல்ல மனுஷனாக இருந்திருப்பார். அந்த ஆண்டுகளைப்பற்றிப் பேசாதிருப்பதே நலம் என்று இந்த வீட்டிலும் ஒரு வாக்கியம் இருந்தது. அப்பா அதைச் சொன்னார், அப்பா போனபிறகு அம்மா சொன்னாள், அம்மா போனபிறகு சொல்ல ஆள் இல்லாமல் அதுவே சுவரில் தொங்கியது. அம்மாவின் அடக்கத்துக்கு மெர்சி வந்தாள், கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக நின்றாள், அன்றைக்கே ரயில் ஏறிவிட்டாள். இரு என்று யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை.

இனி அந்த இடம் வரும். நாவலின் கடைசிக்கு முந்தின அதிகாரம், வயலட்டுக்கு உயிர். பனி கொட்டும் ராத்திரி டில்லி வாசற்படியில் வந்து விழுவாள். ப்ரூடன்ஸ் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஒன்றரைப் பக்கம் பேசுவாள், ஒவ்வொரு பேட்சுக்கும் வயலட் அதைப் பார்க்காமல் சொல்வாள், சில பெண்கள் அழுவார்கள். பேச்சு முடிய, டில்லி, 'என்னை மன்னித்தாயா?' என்று கேட்டுக் கண்ணை மூடுவாள். அந்தப் பேச்சின் அச்சிலேயே வயலட் தனக்கென்று ஒன்றை வார்த்து வைத்திருந்தாள். எப்போது ஆரம்பித்தாளோ தெரியாது. அம்மாவின் துணியை அலசும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, தூக்கம் வராதபோது, ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றைப் போட்டு, இழைத்து இழைத்து வைத்திருந்தாள். மெர்சி, நடந்ததை நான் ஒருநாளும் மனசில் வைத்துக்கொண்டதில்லை. அப்பா கடைசியில் உன் பேரைச் சொன்னார். இந்த வீட்டுக் கதவு… இப்படிப் போகும் அது. மெர்சி பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கே சொல்லிவிடத் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அதற்கு மெர்சி முதலில் அழ வேண்டும். மெர்சி அழவில்லை. காபி குடித்தாள், ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, என்னக்கா இது என்று சொல்லி முழுதையும் வெளியே எடுத்து வைத்துக் கழுவினாள். மறுநாளும் அழவில்லை. வயலட் அந்தப் பேச்சை நெஞ்சுக்குள் ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தாள். இப்போது படத்தில் அது வரும், அதைப் பார்த்தால் மெர்சிக்குத் தானாக அழுகை வரும், அப்போது டிவியை நிறுத்திவிட்டு… வயலட் திரும்பிப் பார்த்தாள். மெர்சி தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, முறுக்குத் தூள் மோவாயில். முன்தலையில் சாயம் வெளுத்து நரை தெரிந்தது.

எழுப்புவோமா என்று யோசிப்பதற்குள் அந்த இடம் வந்துவிட்டது. பனி இல்லை. ராத்திரியும் இல்லை. சாதாரணமான ஒரு காலை, மழை விட்ட முற்றம், ப்ரூடன்ஸ் சமையலறை மேஜையில் ரொட்டி அறுத்துக்கொண்டிருக்கிறாள். கதவு திறந்தே கிடக்கிறது. டில்லி வந்து நிற்கிறாள், உடம்பு பெருத்து, பல் ஒன்று போய், நல்ல ஆரோக்கியமாக. "அக்கா," என்கிறாள். ப்ரூடன்ஸ் நிமிர்ந்து பார்க்கிறாள். இப்போது பேசுவாள், வயலட் முதல் வார்த்தையை அவளுக்கு முன்னாலேயே உதட்டில் எடுத்துக்கொண்டாள். ப்ரூடன்ஸ் பேசவில்லை. குனிந்து இன்னொரு துண்டு அறுத்தாள். டில்லி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், எடுத்துத் தின்றாள். அறுப்பதும் தின்பதும், கத்தி மரத்தில் படுகிற சத்தமும். அடுத்து முற்றத்தில் இரண்டு பேருடைய துணியும் ஒரே கொடியில். பேர்கள் ஓடத் தொடங்கின. இவ்வளவுதானா! வயலட் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பேச்சை எடுத்துவிட்டார்களா? அதையா? அது இல்லாமல் இந்த நாவலில் என்ன இருக்கிறது? யாராவது அந்தக் காலத்து ஆசிரியரிடம் போய்ச் சொல்ல வேண்டும், கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். மகாபாவிகள், மன்னிப்பு என்கிற சொல்லே வராமல் இரண்டு பெண்களை ஒரு மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். கோபத்தில் அவளுக்குக் காது சூடேறியது. அந்தச் சூட்டிலேயே, கோபத்தின் அடியில் எங்கோ, அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. நாவலில் ப்ரூடன்ஸ் மன்னித்த சில நிமிஷத்தில் டில்லி செத்துப்போகிறாள். செத்துப்போகிறவளிடம்தான் அந்த ஒன்றரைப் பக்கத்தையும் பேச முடியும். மறுநாள் காலையில் அவளோடு உட்கார்ந்து ரொட்டி தின்ன வேண்டியதில்லை, அவள் துண்டை எங்கே போடுகிறாள் என்று பார்த்துப் பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. நான் வருஷக்கணக்காக இழைத்து வைத்த பேச்சும் யாருக்கு? ஒரு செத்துப்போகிற மெர்சிக்கு. இங்கே குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறவள் அந்த மெர்சி இல்லை. இவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லையே. ஒரு இடம் கேட்டாள். ஆட்டோவில், புகையில், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பாட்டுச் சத்தம் பெரிதானதும் மெர்சி விழித்துக்கொண்டாள். "முடிஞ்சிட்டா?" என்றாள், மோவாயைத் துடைத்தபடி. "செத்துட்டாளா?"

"இல்ல. வீட்டுக்கு வந்துட்டா."

"பொறவு?"

"பொறவு ஒண்ணுமில்ல. உக்காந்து ரொட்டி தின்னுதா."

"அக்காக்காரி என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

மெர்சி முறுக்கு டப்பாவுக்குள் கைவிட்டுத் துழாவினாள். "அது நல்லதுதான்," என்றாள். "வந்தவ பசியில இருந்திருப்பா."

வயலட் எழுந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது, நாற்காலியைப் பற்றிக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, அப்பா கடைசியில் உன் பேரைச் சொன்னார் என்பது உட்பட. அதையாவது ஒருநாள் சொல்ல வேண்டும், அது அவளுக்குச் சேர வேண்டியது. இப்போது தொண்டையிலிருந்து வந்தது வேறு. "ஏட்டி, மேக்கு ரூம்ல வெக்கையில படுக்க முடியாது. கிழக்கு ரூமை நீ எடுத்துக்க. காத்து வரும்."

"அதுலதான ஒன் புஸ்தகமெல்லாம் கெடக்கு?"

"புஸ்தகத்துக்கு எதுக்கு காத்து? மேக்கால மாத்திருவோம்."

"அப்பம் நான் இருக்கலாம்னு சொல்லுதியா?"

"படுக்கதுக்கு எடம் சொல்லுதேன்."

மெர்சி அவளையே பார்த்தாள். கண் கலங்குமோ என்று வயலட்டுக்கு ஒரு நொடி பயமாகக்கூட இருந்தது. மெர்சி டப்பாவை மூடினாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கிழக்கு அறைக்குள் போனாள். அலமாரிக் கண்ணாடிக் கதவு கிறீச்சிட்டது, தும்மல் கேட்டது, பிறகு தரையில் புத்தகங்கள் பொத்துப் பொத்தென்று விழும் சத்தம். "இது என்ன, ஒரே புஸ்தகம் இத்தனை காப்பி வச்சிருக்கே?" என்று அங்கிருந்து கத்தினாள். "பாதியப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுருவோமா?"

"தொட்டே, கையை முறிச்சிருவேன்," என்றாள் வயலட். உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. இப்போதே இப்படியென்றால் நாளைக்கு எப்படியோ. அந்தக் கோபத்தோடேயே, வேகமாக, அந்தப் பக்கம் நடந்தாள்.